அடுப்படியில் நின்ற வாகை

போன மாதம் நான் முன்பு வேலைபார்த்த கந்தோரிலிருந்து ஓர் இளம் சட்டத்தரணி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அங்கே சேர்ந்தவள். முகம்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. இப்போது சட்ட உதவி விண்ணப்பங்களைக் கணினியில் நிரப்புகிறார்களாம். விளக்கமறியலில் இருப்பவர்கள் சிலவேளை திரையிலேயே தோன்றி நீதவானுக்கு முகம் காட்டுகிறார்களாம். இவற்றையெல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் அழைத்த காரணத்துக்கு வந்தாள்.

“சேர், ஒரு ஆள் குற்றத்தை ஒப்புக்கொள்ளப்போறன் எண்டு ஒரே பிடியா நிக்கிறார். எனக்கு அது சரியாப் படேல்லை. எப்பிடி மறிக்கிறது?”

“அவசரப்படாமல் இருந்து கதையுங்கோ பிள்ளை. வழக்குக் கோவையை மூடி வச்சிட்டுக் கதையுங்கோ,” என்றேன்.

அதற்குமேல் தொலைபேசியில் சொல்ல எனக்கு வரவில்லை. அதே கேள்வி என்னையும் ஒருகாலத்தில் ஆட்டிவைத்தது. அதற்கான பதில் ஒரு பெண்ணாகவும் ஒரு காடாகவும், அந்தக் காட்டுக்குள் அவர் எங்களைக் கூட்டிக்கொண்டு போன ஒரு காலைப் பொழுதாகவும்தான் என்னிடம் இருக்கிறது. ஆறுதலாக எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன்.

நான் படித்த கதை சுருக்கமானது. மன்னார்த் தீவுக்கு எதிரே பெருநிலத்தில் ஒரு வயற்காரக் குடும்பத்தில் பிறந்தேன். கொழும்பில் சட்டம் படித்தேன். பரீட்சைக்கும் ஊருக்குமிடையில் எத்தனையோ தடவை பாதை மூடியது, திறந்தது. வவுனியாவில் ஒரு மூத்த சட்டத்தரணியின் கீழ் காணி உறுதிகளும் சத்தியக்கடதாசிகளும் எழுதிப் பத்து வருடத்துக்கு மேல் போயிற்று. யுத்தம் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கியபோது மன்னாரில் சட்ட உதவிக் கந்தோருக்கு ஆள் எடுத்தார்கள். சட்டத்தரணி வைக்க வசதியில்லாதவருக்காக அரச செலவில் நீதிமன்றத்தில் தோன்றும் வேலை. அப்போது எனக்கு நாற்பத்துநான்கு வயது.

அந்த வருடங்களை நினைத்தால் முதலில் வெளிச்சம்தான் வருகிறது. காலையில் தீவுக்குப் போகும் பாலத்தின் மேல் பஸ் ஏறும்போது இரண்டு பக்கமும் தண்ணீர் அசையாமல் கிடக்கும். தூரத்தில் நிற்பது பறவைக் கூட்டமா, உப்புத் திட்டா, வெறும் கானலா என்று தெரியாது. ஒருவரும் பேசமாட்டார்கள். எல்லோருடைய மடியிலும் ஒரு பொலித்தீன் பை இருக்கும், அதற்குள் கடதாசிகள். முகாம்களிலிருந்து வந்தவர்கள், தலைமன்னார்க் கரையிலிருந்து தோணியில் இந்தியாவுக்குப் போய்த் திரும்பியவர்கள், புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு எருக்கலம்பிட்டிக்கு வந்தவர்கள். எல்லோரும் நீண்ட நித்திரையிலிருந்து எழும்பி, இது எந்த வீடு என்று சுற்றிப் பார்ப்பவர்களைப் போல இருந்தார்கள். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

கந்தோர் ஒரு வாடகை வீட்டின் முன்னறை. யன்னலுக்கு வெளியே மதியத்தில் கழுதைகள் வந்து நிழலுக்கு நிற்கும். விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கும்போது அவற்றின் மூச்சு உள்ளே கேட்கும். வருமானத்துக்குக் கிராம சேவகரின் கடிதம், அடையாள அட்டை, நீதிமன்றம் கொடுத்த அழைப்பாணை, இவை மூன்றும் வேண்டும். பலரிடம் மூன்றில் ஒன்றுதான் இருக்கும். இல்லாத இரண்டையும் எடுத்துக்கொடுப்பதிலேயே எங்கள் நாட்கள் கழிந்தன.

பொறுப்பதிகாரி றெஜினா என்னிலும் ஆறு வயது இளையவர். மன்னார்ப் பட்டினத்துக் கத்தோலிக்கக் குடும்பம். எல்லோரையும்போல நானும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிட்டேன், அவர் என்னைச் சேர் என்பார். ஆள் உள்ளே வந்ததும் எழுந்து நிற்பார். தன் கதிரையை இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, வந்தவருக்குப் பக்கத்தில் போட்டு இருப்பார். கோவையைக் கவிழ்த்து வைப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“எதில வந்தனீங்கள்?”

அது மரியாதைக்குக் கேட்பது என்று முதலில் நினைத்தேன். சில மாதத்தில்தான் விளங்கியது. எத்தனை மணிக்கு வெளிக்கிட்டார், எங்கே இறங்கி எவ்வளவு தூரம் நடந்தார், யாரிடம் பிள்ளையை விட்டுவிட்டு வந்தார் என்பதெல்லாம் அந்த ஒரு கேள்விக்குள் வந்துவிடும். பிறகு நீதிமன்றத்தில் அடுத்த தவணை குறிக்கும்போது, “அண்டைக்கு அந்தப் பாதையால காலமை பஸ் இல்லை, கனம் நீதவான் அவர்களே. வியாழக்கிழமை தந்தால் எதிரி வரக்கூடியதாக இருக்கும்,” என்பார். குற்றஞ்சாட்டப்பட்டவரைத்தான் அங்கே எதிரி என்பது. தவணைக்கு வராததால் பிடியாணை பிறந்து மறியலுக்குப் போனவர்களின் கதை அவருக்கு நிறையத் தெரியும்.

நீதிமன்றத்தில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் மேசையில் பதித்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரருடன் வேலிக்கு மேலால் கதைப்பதுபோலக் கதைப்பார். அவர் எழுந்ததும் நீதவான் கண்ணைக் காட்ட, வாசலில் நிற்கும் பொலிஸ்காரர் மின்விசிறியை நிறுத்துவார். புழுக்கத்தில் சபை முழுவதும் அசையாமல் இருந்து கேட்கும்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. முதல் நாளில் ஒருவரும் குற்றவாளி என்று சொல்லக்கூடாது. “வீட்ட போய் ஒரு நித்திரை கொண்டிட்டு வரட்டும் சேர். பயத்தில நிக்கிற ஆள் என்னத்தையும் ஒப்புக்கொள்ளும்.” எனக்கு அது வீண் தாமதமாகப் பட்டது. ஒரு நாளைக்கு அறுபது எழுபது வழக்குக் கூப்பிடுவார்கள். ஒப்புக்கொண்டால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

அவர் கொழும்புக்குக் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு நாளில் தாழ்வுபாட்டிலிருந்து பீற்றர் என்று ஒரு மீனவர் வந்தார். முப்பது வயது இருக்கும். தடைசெய்த வலை வைத்திருந்ததாக வழக்கு. வலை படகுச் சொந்தக்காரரான சம்மாட்டியுடையது. இவர் தோளில் தூக்கி வந்தபோது பிடிபட்டார். “ஒப்புக்கொண்டால் சின்னத் தண்டத்தோட முடியும், நாளைக்கே கடலுக்குப் போகலாம்,” என்றேன். தலையாட்டினார், ஒப்புக்கொண்டார், முடிந்தது. எனக்கு மனத்துக்குள் ஒரு திருப்தியும் இருந்தது.

எட்டு ஒன்பது மாதம் கழித்து அவர் கந்தோருக்கு வந்தார். வெளிநாட்டில் ஒரு கப்பல் வேலை சரிவந்திருந்தது. பொலிஸ் நற்சான்றிதழில் அந்தக் குற்றம் பதிவாகி வர, வேலை போயிற்று. அதை அழிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்திருந்தார். இல்லை என்றேன்.

“பரவாயில்லை சேர். நீங்கள் நல்லதுக்குத்தானே சொன்னனீங்கள்,” என்றுவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

அவர் திட்டியிருந்தால் நான் ஒரு கிழமையில் மறந்திருப்பேன். றெஜினாவிடம் போய்ச் சொன்னேன். “நானும் முந்தி ஒராளுக்கு அப்பிடித்தான் சொன்னனான்,” என்றார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

இதற்குப் பிறகுதான் மாரியாயி வந்தார். அது அவருடைய உண்மையான பெயரல்ல. ஊரின் பெயரையும் சொல்லப்போவதில்லை, சொன்னால் ஆள் தெரிந்துவிடும். பெருநிலத்தில் ஒரு குளத்துக்குக் கீழே இருந்த குடியேற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று எதிரிக் கூண்டுக்குள் அறுபது வயதுள்ள ஒரு மெலிந்த பெண் நின்றார். சேலையைத் தோளைச் சுற்றி இழுத்துப் போர்த்தியிருந்தார். பாதுகாக்கப்பட்ட வனத்துக்குள் அனுமதியின்றி நுழைந்து மரங்களை வெட்டித் துப்புரவாக்கியதாகக் குற்றப்பத்திரம் வாசிக்கப்பட்டது. வாசித்து முடித்ததும் வழக்கமான கேள்வி, “குற்றவாளியா, சுற்றவாளியா?” எங்கள் நீதிமன்றத் தமிழில் குற்றமற்றவரைச் சுற்றவாளி என்போம். ஒரேயொரு எழுத்துத்தான் வித்தியாசம். பயந்து நிற்பவரின் காதில் இரண்டும் ஒன்றுபோலவே விழும்.

மாரியாயி வாய் திறப்பதற்குள் றெஜினா எழுந்து, எதிரிக்குச் சட்ட உதவி தேவைப்படுகிறது, அறிவுறுத்தல் பெறத் தவணை வேண்டும் என்றார். நீதவான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு கிழமை கொடுத்தார்.

கந்தோரில் றெஜினா கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

“எதில வந்தனீங்கள் அம்மா?”

“ரோட்டு வரைக்கும் நடந்து வந்து, அப்புறம் ஒரு லொறியில மிஸ். கோழி லொறி.”

அவருடைய பேச்சில் மலைநாடு இன்னும் இருந்தது. தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவர். ஒரு கலவரத்தில் லயம் எரிய, புருஷனோடு வடக்கே இறங்கி வந்தவர். குளத்துக்குக் கீழே ஒரு துண்டுக் காணிக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது. மண்வீடு கட்டினார்கள். ஒரு மகன் வீட்டிலேயே பிறந்தான். பிறப்புப் பதியவில்லை. சண்டை நெருங்கியதும் ஊரோடு எழும்பியவர்கள் பதினெட்டு வருடம் இடம் மாறி மாறி ஓடினார்கள். புருஷன் ஒரு முகாமில் காய்ச்சலில் இறந்தார். அனுமதிப்பத்திரம் இருந்த பெட்டி ஏதோ ஒரு ஆற்றில் போயிற்று. திரும்பி வந்தபோது ஊர் இருந்த இடத்தில் காடு நின்றது. வரைபடத்திலும் அது காடுதான்.

“நான் குற்றவாளின்னே சொல்லிர்றேன் மிஸ்,” என்றார். “மரத்த வெட்டுனியான்னு கேக்குறாங்க. வெட்டுனேன். இல்லேன்னு பொய் சொல்லிட்டு அந்த எடத்துல நான் எப்படிப் படுப்பேன்?”

நான் குறுக்கிட்டேன். பீற்றர் என் கண்ணுக்குள்ளேயே நின்றார். “அம்மா, குற்றவாளி எண்டு சொன்னால், மரம் வெட்டினதை மட்டும் ஒப்புக்கொள்ளேல்லை. அது காடு எண்டும் ஒப்புக்கொள்ளுறீங்கள். பிறகு அந்தக் காணியை ஒருநாளும் கேக்க ஏலாது.”

“காடுதானேய்யா இப்ப. நானே பாத்து அழுதேன்.”

சட்டத்தை இன்னும் இரண்டு விதமாக விளங்கப்படுத்தினேன். அவர் ஒவ்வொன்றுக்கும் பணிவாகத் தலையாட்டிவிட்டு, “வெட்டுனது உண்மைதானேய்யா,” என்று தொடங்கிய இடத்துக்கே வந்தார்.

றெஜினா மெதுவாகக் கேட்டார். “முதல் முதல் எந்த மரத்தை வெட்டினனீங்கள் அம்மா?”

“அடுப்படியில நின்ன வாகைய.”

யன்னலுக்கு வெளியே கழுதை ஒன்று காலை மாற்றி வைத்தது.

“அடுப்படி எங்க இருந்தது?”

“வீட்டுக்குள்ளதான் மிஸ்.”

“அப்ப அதில வீடு இருந்தது.”

“இருந்துச்சா?” மாரியாயி அவரை நிமிர்ந்து பார்த்தார். “இருக்கு மிஸ். மண்ணு மூடிக் கிடக்கு, அவ்வளவுதான்.”

“அப்ப நீங்கள் காட்டுக்குள்ள போய் மரம் வெட்டேல்லை. உங்கட வீட்டுக்குள்ள முளைச்ச மரத்தைத்தான் வெட்டினனீங்கள். இதில எங்க பொய்?”

மாரியாயி, “அத அப்படியே சொல்லலாமா?” என்று கேட்டார்.

“அதைத்தான் சொல்ல வேணும்.”

அடுத்த தவணையில் கூண்டுக்குள் நின்று அவர் சொன்ன சுற்றவாளி என்ற சொல் சபை முழுவதும் கேட்டது. சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னேனா என்று எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு கடதாசி தேடும் வேலை என்னுடையது. பிரதேச செயலகத்தில் பழைய காணிப் பதிவேடு இல்லை. பள்ளிக்கூடத்தின் வரவு இடாப்பு இல்லை, பள்ளிக்கூடமே கூரையில்லாமல் நின்றது. பழைய கிராம சேவகர் இறந்துவிட்டார். மூன்று மாதம் அலைந்ததில் மாரியாயி என்று ஒருவர் அந்த மண்ணில் இருந்ததற்கு ஒரு துண்டுக் கடதாசியும் அகப்படவில்லை.

இதற்கிடையில் அவருக்கு வேறோர் இடத்தில் மாற்றுக் காணி தர அதிகாரிகள் முன்வந்தார்கள். தெருக்கரைக் காணி, பக்கத்திலேயே குழாய்த் தண்ணீர். அவர் மாட்டேன் என்றுவிட்டார். நான் அதைக் கேட்கவென்றே அவருடைய ஊருக்குப் போனேன். பஸ்ஸால் இறங்கி ஒரு சைக்கிளை இரவல் வாங்கிக்கொண்டு போனதாக ஞாபகம். காட்டோரத்தில், தகரமும் தறப்பாளும் போட்ட கொட்டிலுக்கு முன்னால் இருந்து சுண்டங்காய் ஆய்ந்துகொண்டிருந்தார்.

“நல்ல காணி அம்மா. ஏன் வேண்டாமெண்டீங்கள்?”

அவர் ஆய்வதை நிறுத்தவில்லை. “கடைசிச் சண்டையில, செல்லு விழுறப்ப, எல்லாரும் திக்குத் திக்கா ஓடுனோம் ஐயா. அதுக்கு முந்தின நாளு மவன்கிட்டச் சொல்லி வச்சேன். எங்கயாச்சும் பிரிஞ்சிட்டா முகாமு அது இதுன்னு தேடாத, நேரா நம்ம வீட்டுக்கு வந்துருன்னு. சரிம்மான்னான். அடுத்த நாளு பிரிஞ்சோம்.” ஆய்ந்த காயை ஒரு பக்கம் ஒதுக்கினார். “அவன் வந்து பாக்குறப்ப நான் ரோட்டோரத்துல இருந்தா எப்படி?”

நான் திரும்பி வரும்போது வெயில் கொதித்தது. தெரு எனக்கு முன்னால் உருகி உருகி அசைந்தது. யாரோ ஒருவர் எதிரே நடந்து வருவதுபோலத் தெரிந்தது. கிட்டப் போகப் போக, அது ஒரு பனங்கன்று.

கடதாசி இல்லாவிட்டால் இடமே சாட்சி சொல்லட்டும் என்று றெஜினா முடிவெடுத்தார். நீதவான் நேரில் வந்து காணியைப் பார்வையிட வேண்டும் என்று விண்ணப்பித்தார். மரம் வெட்டிய வழக்கொன்றுக்கு நீதவான் இவ்வளவு தூரம் வருவாரா என்று நான் சந்தேகப்பட்டேன். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வருகிறேன் என்றார்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. நீதவான், சுருக்கெழுத்தாளர், இரண்டு பொலிஸ்காரர், வழக்குப் போட்ட வன இலாகாவின் அதிகாரி ஒருவர், நாங்கள் இருவர். முன்னால் மாரியாயி. அந்த அதிகாரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நடுவயதுச் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார், மரங்கள்மேல் உண்மையான பிரியம் உள்ளவர். அவர் கையில் இருந்த வரைபடம் வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பார்த்து வரைந்தது. வானத்திலிருந்து பார்த்தால் அது பச்சைதான். அவருடைய கடமையைத்தான் அவர் செய்தார்.

உள்ளே வெளிச்சம் பச்சையாக இருந்தது. இலைகளிலிருந்து துளி துளியாக நீர் விழுந்தது. யாரும் சொல்லாமலே எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம். மாரியாயி துப்புரவாக்கியது சின்ன இடந்தான், ஒரு வகுப்பறை அளவு இருக்கும். வெட்டிய அடிக்கட்டைகள் அங்கங்கே நின்றன. சுவர் என்று எதுவும் இல்லை. மண் மட்டமாகக் கிடந்தது.

அந்த வெட்டை வெளிக்குக் கிட்ட வந்ததும் மாரியாயி நேரே போகவில்லை. இடப்பக்கமாகத் திரும்பி, பத்தடி நடந்து, வலப்பக்கம் திரும்பி, பிறகுதான் உள்ளே காலெடுத்து வைத்தார். அதிகாரி குறுக்கே நடந்து உள்ளே வரப் பார்த்தார்.

“ஐயா, ஐயா, அது செவுரு,” என்றார் மாரியாயி.

அதிகாரி ஒரு காலைத் தூக்கியபடி நின்றுவிட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. நீதவான் தரையைப் பார்த்தார், மாரியாயியைப் பார்த்தார். பிறகு மாரியாயி சுற்றிவந்த வழியாலேயே இடப்பக்கம் திரும்பி, பத்தடி நடந்து, இல்லாத வாசலால் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் அப்படியே வரிசையாக வந்தோம்.

இன்றைக்கும் சில மதியங்களில் கண்ணை மூடினால் அந்த வரிசையில்தான் நிற்கிறேன். ஈரமண் மணக்கிறது. முன்னால் போகிறவரின் முதுகு மட்டும் தெரிகிறது.

“உங்கட வீட்டைக் காட்டுங்கோ அம்மா,” என்றார் றெஜினா.

மாரியாயி காட்டினார். இது வாசல். இந்தப் பக்கம் நெல்லுச் சாக்கு. இங்கே புருஷனின் சைக்கிள். “இது நாங்க படுக்கிற எடம். மவன் இந்தப் பக்கம் படுப்பான். செவுத்துப் பக்கம் படுக்க மாட்டான், பல்லி விழும்னு பயம்.”

“மகன்ர பேர்?”

“செல்வராசா மிஸ்.”

சுருக்கெழுத்தாளர் நின்றபடியே எழுதிக்கொண்டு வந்தார்.

“அடுப்பு?”

மாரியாயி மூலைக்குப் போய், பெரிய அடிக்கட்டை ஒன்றுக்குப் பக்கத்தில் குந்தி, கையால் நிலத்தைத் தொட்டார். நீதவான் அனுமதிக்க, பொலிஸ்காரர் ஒருவர் மண்வெட்டியால் வெட்டினார். ஒரு சாண் ஆழத்தில் மண்ணின் நிறம் மாறியது. சிவந்து சுட்ட களிமண். பிறகு கரி பிடித்த கல் ஒன்று, இன்னொன்று. மூன்றாவது கல்லை வாகையின் வேர் ஒன்று சுற்றிப் பிடித்திருந்தது. அதைப் பெயர்க்க முடியவில்லை.

அதிகாரி முழந்தாளிட்டு அந்த வேரைத் தடவிப் பார்த்தார். அடிக்கட்டையின் வெட்டு முகத்தைக் கைக்குட்டையால் துடைத்து, விரல் நகத்தால் ஒவ்வொரு வளையமாக எண்ணினார். எவ்வளவு நேரம் எண்ணினார் என்று தெரியாது. காட்டுக்குள் எங்கோ ஒரு செண்பகப் பறவை கூவியது.

“சரியாச் சொல்ல ஏலாது சேர்,” என்று எழுந்து நீதவானிடம் சொன்னார். “ஆனால் இந்த மரத்துக்கு இருபது வயசுக்கு மேல இல்லை. கல்லு முதல், மரம் பிறகு.”

அவர் அப்படிச் சொல்லாமலும் விட்டிருக்கலாம். யாரும் அவரைக் கேட்கவில்லை.

அடுத்த தவணையில் வழக்கைத் தொடர்ந்து நடத்த விரும்பவில்லை என்று இலாகா அறிவித்தது. மாரியாயி விடுவிக்கப்பட்டார். கூண்டிலிருந்து இறங்கியபோது அவருக்கு அது விளங்கவில்லை. அடுத்த தவணை எப்போது என்று கேட்டார். இனி இல்லை என்றதும், றெஜினாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வீடு இருந்த துண்டுக்கு ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அனுமதிப்பத்திரம் கிடைத்தது. பின்னால் இருந்த வயலை மீட்க எங்களால் முடியவில்லை. அது இன்னும் காடாகத்தான் இருக்கிறது.

விடுதலையாகி ஒரு மாதம் இருக்கும், மாரியாயி கந்தோருக்கு வந்தார். கோர்ட்டில் எழுதிய தாள் வேண்டும் என்றார்.

“தீர்ப்போ அம்மா?”

“அன்னிக்குக் காட்டுக்குள்ள நின்னுக்கிட்டு எழுதுனாங்களே, அது. அதுல மவன் பேரு இருக்குல்ல?”

“ஓம்.”

“வேற எந்தச் சர்க்கார் தாள்லயும் அவன் பேரு இல்லய்யா. அவன் காணாமப் போனான்னு சொல்லப் போனா, இருந்ததுக்கு என்ன அத்தாட்சின்னு கேக்குறாங்க.”

அத்தாட்சிப்படுத்திய பிரதி எடுத்தேன். அடுத்த தடவை வந்தபோது அவருக்கு எழுத்துத் தெரியாததால் நான் வாசித்தேன். இலக்கம், திகதி, பிரசன்னமானவர்கள். பிறகு அந்த வரி. “இவ்விடத்தில் எதிரியின் மகன் செல்வராசா உறங்கினார்.”

“உறங்கினாரா?” என்றார் மாரியாயி.

“ஓம் அம்மா.”

“நான் அப்படிச் சொல்லலயே. அது செத்தவங்களுக்குச் சொல்றதுல்லயா?”

எழுதுபவரின் கை பழக்கத்தில் எல்லாவற்றையும் இறந்த காலத்தில் எழுதியிருந்தது. யாரிலும் பிழையில்லை. பதிவு பதிவுதான், முடிந்த வழக்கில் ஒரு சொல்லை மாற்ற முடியாது என்று அவருக்குச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கோவையைத் தூக்கிக்கொண்டு றெஜினாவின் மேசைக்குப் போனேன்.

“அவ என்ன சொன்னவ?” என்று கேட்டார்.

“படுப்பான் எண்டு. நான் நல்லாக் கேட்டனான்.”

“அப்ப பதிவு பிழை சேர். நகர்த்தல் பத்திரம் போடுங்கோ.”

நகர்த்தல் பத்திரம் என்பது நீதிமன்றத்திடம் ஒன்றைச் செய்யும்படி கேட்கும் எழுத்து. என் தொழிலில் நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறேன். அதுபோல ஒன்றை அதற்கு முன்னும் எழுதவில்லை, பின்னும் எழுதவில்லை. ஒரு சொல்லின் காலத்தைத் திருத்தித் தரும்படி இரண்டு பந்தி எழுத்து. அதைக் கையளித்தபோது பதிவாளர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அன்று நான்தான் எழுந்து பேசினேன். நீதவான் கண்ணை உயர்த்த, பொலிஸ்காரர் விசிறியை நிறுத்தினார். பேசி முடித்ததும் நீதவான் பத்திரத்தைத் திரும்பவும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

“நானும் அங்கேதான் நின்றேன்,” என்றார். “எனக்கும் அப்படித்தான் ஞாபகம்.” பிறகு சுருக்கெழுத்தாளர் பக்கம் திரும்பிச் சொல்லச் சொல்ல எழுதுவித்தார். “எதிரி கூறியவாறே பதியப்பட வேண்டும். உறங்கினார் என்பது உறங்குவார் எனத் திருத்தப்படுகிறது.”

திருத்திய பிரதியை நானே கொண்டுபோனேன். கல் அத்திவாரத்தின் மேல் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. நான் அறிந்தவரை செல்வராசா இன்றுவரை வரவில்லை. அன்று மாரியாயி குழைத்த மண்ணைக் கையிலிருந்து கழுவிவிட்டு, சேலைத் தலைப்பில் ஈரம் போகத் துடைத்து, எனக்குப் பக்கத்தில் வந்து குந்தினார். நான் மேலிருந்து வாசித்து, அந்த வரியில் நிறுத்தினேன்.

“இவ்விடத்தில் எதிரியின் மகன் செல்வராசா உறங்குவார்.”

“அவன் பேரு எங்க இருக்கு?”

அவருடைய சுட்டுவிரலைப் பிடித்து அந்தப் பெயரின் மேல் வைத்தேன். அவர் விரலை எடுக்கவில்லை. எழுத்து நசிந்துவிடுமோ என்பதுபோல மெல்ல வைத்துக்கொண்டிருந்தார்.

“இப்ப சரி ஐயா,” என்றார்.